டிக் விழாத கட்டம்: விண்டோஸ் எக்ஸ்பி ஃபயர்வாலும் பிளாஸ்டர் வார்மும்

2003 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை. அன்று தொடங்கிச் சில நாட்களுக்கு உலகின் பல நாடுகளில் வீட்டுக் கணினிகளின் திரையில் ஒரே பெட்டி வந்து நின்றது. ரிமோட் ப்ரொசீஜர் கால் என்ற சேவை எதிர்பாராமல் நின்றுவிட்டது, விண்டோஸ் மறுபடி தொடங்கப் போகிறது, வேலைகளைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று அது சொன்னது. கீழே 60 நொடியிலிருந்து எண் குறைந்துகொண்டே வரும். பூஜ்யம் ஆனதும் கணினி அணைந்து திரும்ப எழும். இன்டர்நெட்டில் இணைந்த கொஞ்ச நேரத்தில் அதே பெட்டி மறுபடியும் வரும். அந்தக் கணினிக்காரர்கள் சந்தேகமான மெயில் எதையும் திறக்கவில்லை, கண்ட கண்ட ஃபைலை டவுன்லோடு செய்யவும் இல்லை. இணைப்பில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

பிளாஸ்டர் என்றும் லவ்சான் என்றும் பெயர் பெற்ற வார்மின், அதாவது கணினிக்குக் கணினி தானாகவே பரவும் கெட்ட நிரலின், வேலை அது. வார்மைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. பாதிக்கப்பட்ட எக்ஸ்பி கணினிகளுக்குள் அந்தத் தாக்குதலைத் தடுக்கக்கூடிய ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைக் காவல் காக்கும் நிரல், ஏற்கனவே இருந்தது. விண்டோஸோடு சேர்ந்தே வந்தது, தனியாகக் காசு கிடையாது. ஒரு கட்டத்தில் டிக் போட்டால் இயங்கும். அந்த டிக் ஏன் விழவில்லை, அடுத்த ஆண்டு தானாகவே விழுந்தபோது என்ன மாறியது, விழுந்த பிறகும் ஓட்டை எங்கே வந்தது என்று வரிசையாகப் பார்த்தால், இன்றைய கணினியில் ஃபயர்வாலை எப்படி அமைக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

வார்ம் நுழைந்த வழி

எக்ஸ்பியை நிறுவி முடித்ததுமே அது சில போர்ட்களில், அதாவது நெட்வொர்க்குக்கான எண்ணிட்ட வாசல்களில், காதைத் திறந்து வைத்துக்கொள்ளும். 135, 139, 445 ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஒரு கணினி இன்னொரு கணினியிடம் வேலை கேட்பதற்கும், ஃபைல்களையும் பிரிண்டரையும் பகிர்வதற்கும் உரியவை இவை. அலுவலக நெட்வொர்க்கில் இதெல்லாம் அன்றாடத் தேவை. ஒற்றைக் கணினியும் ஒரு மோடமும் உள்ள வீட்டில், வெளி உலகத்திலிருந்து இந்தப் போர்ட்களைத் தேடி யாரும் வர வேண்டிய காரணமே கிடையாது. ஆனாலும் அவை கேட்டுக்கொண்டிருந்தன.

135ஆம் போர்ட்டுக்குப் பின்னால் இருந்த நிரலில் ஒரு பிழை இருந்தது. வெளியிலிருந்து வரும் ஒரு பெயரை, அதற்கென ஒதுக்கிய இடத்தைவிட நீளமாக இருக்கிறதா என்று பார்க்காமலே எடுத்து வைத்துக்கொண்டது. நீளமான பெயரை அனுப்பினால், வழிந்த பகுதியில் உள்ள கட்டளைகளைக் கணினியே இயக்கும்படி செய்யலாம். போலந்து நாட்டைச் சேர்ந்த லாஸ்ட் ஸ்டேஜ் ஆஃப் டெலிரியம் என்ற ஆய்வுக் குழு இதைக் கண்டுபிடித்து மைக்ரோசாஃப்டிடம் சொன்னது. 2003 ஜூலை 16 அன்று எம்எஸ்03-026 என்ற எண்ணுடன் அறிவிப்பும் பிழையைத் திருத்தும் பேட்ச்சும் வெளியாயின. அந்த மாதம் முடிவதற்குள் பிழையைப் பயன்படுத்தும் நிரல் இன்டர்நெட்டில் வெளிப்படையாகக் கிடைத்தது. பேட்ச் வந்த 26ஆம் நாள் வார்ம் வந்தது.

அதன் நடைமுறை எளிது. இன்டர்நெட்டில் ஒவ்வொரு கணினியையும் குறிக்கும் எண்களான ஐபி முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும். சில நேரம் தன் முகவரிக்குப் பக்கத்திலுள்ள எண்களிலிருந்து தொடங்கும், பெரும்பாலும் எங்கோ ஓர் எண்ணிலிருந்து தொடங்கும். 135 பதில் சொன்னால் தாக்கும். தாக்குதல் பலித்தால் எதிர்க் கணினியில் 4444ஆம் போர்ட்டில் ஒரு கட்டளைச் சாளரம் திறக்கும். அதன் வழியாக, "என்னிடம் வந்து இந்த ஃபைலை எடுத்துக்கொள்" என்று கட்டளை போகும். புதிதாகப் பலியான கணினி டிஎஃப்டிபி என்ற பழைய முறையில், யுடிபி வகையின் 69ஆம் போர்ட் வழியாக, எம்எஸ்பிளாஸ்ட் என்ற ஃபைலை இறக்கிக்கொள்ளும். அந்த ஃபைலின் அளவு வெறும் 6,176 பைட். அப்புறம் அந்தக் கணினியும் முகவரிகளைத் தட்ட ஆரம்பித்துவிடும்.

60 நொடிப் பெட்டி எங்கிருந்து வந்தது? அதை வார்மை எழுதியவர் திட்டமிட்டு வைக்கவில்லை. எதிரில் இருப்பது எக்ஸ்பியா விண்டோஸ் 2000-மா என்று வார்முக்குத் தெரியாது. அதனால் 80 சதவீதம் எக்ஸ்பிக்கான தாக்குதலையும் 20 சதவீதம் 2000-க்கானதையும் குத்துமதிப்பாக அனுப்பியது. மாறிப் போனால் கட்டளை இயங்காது, 135-க்குப் பின்னால் இருக்கும் ரிமோட் ப்ரொசீஜர் கால் சேவை மட்டும் விழுந்துவிடும். அந்தச் சேவை விழுந்தால் ஒரு நிமிடத்தில் கணினியைத் திரும்பத் தொடங்கு என்பது எக்ஸ்பியின் சொந்த அமைப்பு. ஆக, வார்ம் உள்ளே வராத கணினிகளும்கூட அணைந்து அணைந்து எழுந்தன. ஆபத்து வெளியே தெரிந்ததற்கும் இந்தத் தவறான ஊகம்தான் காரணம். ஒழுங்காகப் புகுந்திருந்தால் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநில மோட்டார் வாகனத் துறை ஆகஸ்ட் 12 அன்று தன் அலுவலகங்களை மூட வேண்டியதாயிற்று. பாதிக்கப்பட்ட கணினிகள் சில லட்சம் இருக்கும் என்று தொடக்கத்தில் மதிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட், தன் நீக்கும் கருவி கண்ட எண்ணிக்கையை வைத்து 80 லட்சத்துக்கு மேல் என்று சொன்னது.

உள்ளே இருந்தும் உறங்கிய ஃபயர்வால்

எக்ஸ்பி விற்பனைக்கு வந்தது 2001 அக்டோபர் 25. அதிலேயே இன்டர்நெட் கனெக்ஷன் ஃபயர்வால் என்ற பெயரில் ஒரு ஃபயர்வால் இருந்தது. கன்ட்ரோல் பேனலைத் திறந்து, நெட்வொர்க் கனெக்ஷன்ஸுக்குப் போய், உங்கள் இணைப்பின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராபர்டீஸ் திறந்து, அட்வான்ஸ்டு என்ற தாவலுக்குப் போனால், இன்டர்நெட்டிலிருந்து இந்தக் கணினியை அணுகுவதைக் கட்டுப்படுத்தவோ தடுக்கவோ செய்யும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக. நெட்வொர்க் அமைக்கும் வழிகாட்டியைப் பின்பற்றினால் அதுவே டிக் போட்டுவிடுவதும் உண்டு, ஆனால் அந்த வழியாக வராத இணைப்புகள் ஏராளம்.

டிக் போட்டால் அது செய்த வேலை மிக ஒழுங்கானது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன், உள்ளே இருப்பவர் ஆர்டர் செய்த பொருள் வந்தால் விடுகிறார், யாரும் கேட்காமல் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்புகிறார் என்றால் எப்படி இருக்கும், அதுதான். உங்கள் கணினி வெளியே அனுப்பிய கோரிக்கைகளை ஒரு பட்டியலில் குறித்து வைத்துக்கொள்ளும். வரும் பாக்கெட், அதாவது தகவல் துண்டு, அந்தப் பட்டியலில் உள்ள ஒன்றுக்குப் பதிலாக இருந்தால் உள்ளே விடும், இல்லையென்றால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். பிரவுசிங், மெயில், சாட் எல்லாம் நீங்கள் தொடங்கும் இணைப்புகள் என்பதால் எதுவும் கெடாது. பிளாஸ்டரின் 135ஆம் போர்ட் தட்டல் யாரும் கேட்காமல் வந்தது. அது அங்கேயே நின்றிருக்கும்.

இவ்வளவு நல்ல ஃபயர்வாலை ஏன் அணைத்தே விற்றார்கள்? காரணம் இல்லாமல் இல்லை. அது எளிய ஃபயர்வால், அதற்கு ஆம், இல்லை என்ற இரண்டுதான் தெரியும். வீட்டில் இரண்டு கணினிகளை இணைத்து ஃபைல் பகிர்கிறவர் டிக் போட்டால் பகிர்வு நின்றுவிடும். போர்ட் எண்ணைச் சொல்லி ஒரு வழியைத் திறக்கலாம், ஆனால் பக்கத்து அறைக் கணினிக்கு மட்டும் என்று சொல்ல வழியில்லை. திறந்தால் உலகத்துக்கே திறக்கும். இந்த நிரலுக்கு மட்டும் என்று சொல்லவும் வழியில்லை. விளையாட்டுகள் சில தடுமாறும். அலுவலகங்களில் கணினிகளைத் தூரத்திலிருந்து பராமரிக்கிறவர்களுக்கு வேலையே ஓடாது. இத்தனை புகார்களை எதிர்கொள்வதைவிட அணைத்து வைப்பது விற்பவருக்கு வசதியாகப் பட்டது.

என் பார்வையில் தவறு இங்கேதான். மோடத்தோடு நேராக இன்டர்நெட்டில் இருக்கும் ஒற்றைக் கணினிக்கு ஃபயர்வால் எந்தத் தொந்தரவும் தராது, மிகவும் தேவையும்கூட. பகிர்வு உள்ள உள் நெட்வொர்க்குக்கு அது தொந்தரவு, தேவை குறைவு. எதிரெதிரான இந்த இரண்டு நிலைமைகளுக்கும் ஒரே முன்னமைப்பு. வீட்டில் இருப்பவர் அதை மாற்றிக்கொள்ளட்டும் என்றால், அவருக்கு அப்படி ஒரு கட்டம் இருப்பதே தெரியாது. நான்கு சாளரங்களுக்கு அப்பால் இருக்கும் டிக்கைப் போடாததற்காக வீட்டுக்காரரைக் குறை சொல்வது நியாயமே இல்லை. அன்று அப்படிக் குறை சொன்னவர்கள் நிறையப் பேர்.

முன்னெச்சரிக்கையும் வராமல் இல்லை. எக்ஸ்பி வந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 2001 டிசம்பர் 20 அன்று, சாதனங்களைத் தானாகக் கண்டறியும் யுபிஎன்பி சேவையில் இதே ரகப் பிழை வெளியானது. வீட்டில் யாரும் கேட்டிராத சேவை, முன்னமைப்பிலேயே இயங்குகிறது, வெளியிலிருந்து வரும் எதையும் கேட்கிறது. அப்போதே முன்னமைப்பை மாற்றியிருக்கலாம். ஒரு மாதம் ஆவதற்குள், 2002 ஜனவரி 15 அன்று, வசதிகளைச் சேர்ப்பதா பாதுகாப்பா என்று வந்தால் பாதுகாப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பில் கேட்ஸ் தன் ஊழியர்களுக்கு எழுதினார். ஏற்கனவே வீடுகளுக்குப் போய்விட்ட எக்ஸ்பியில் அந்த டிக் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ரௌட்டர் வைத்திருந்த வீடுகள் தப்பித்தன. ஒரே வெளி முகவரியைப் பல கணினிகள் பகிரும்போது, வெளியிலிருந்து வரும் தட்டலை யாருக்கு அனுப்புவது என்று ரௌட்டருக்குத் தெரியாது, போட்டுவிடும். பாதுகாப்புக்காக என்று வாங்காத பெட்டி பாதுகாத்தது. மறுபக்கம், வாயிலில் பெரிய ஃபயர்வால் வைத்திருந்த நிறுவனங்கள் மாட்டின. வீட்டில் வார்மைப் பிடித்துக்கொண்ட லேப்டாப்பை ஊழியர் மறுநாள் அலுவலகத்துக்குள் கொண்டுவந்து செருகினார். உள்ளே இருந்த கணினிகளில் டிக் கிடையாது.

மீட்ட வரிசை

அந்த வாரம் மைக்ரோசாஃப்ட் மக்களுக்குச் சொன்ன மூன்று படிகளில் முதலாவது ஃபயர்வால், இரண்டாவது பேட்ச், மூன்றாவது ஆன்டிவைரஸ். வரிசைக்குக் காரணம் இருக்கிறது. பேட்ச் இன்டர்நெட்டில் இருக்கிறது, இணைந்தால் கணினி அணைகிறது. டயல்-அப் வேகத்தில் பேட்ச் இறங்கும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால் முதலில் இணைப்பைப் பிடுங்கு, டிக் போடு, பிறகு இணை, பேட்ச்சை இறக்கு, வார்மை நீக்கு. எண் ஓடத் தொடங்கிவிட்டால், ரன் பெட்டியில் ஷட்டவுன் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் ஏ என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்து என்டர் அடித்தால் நின்றுவிடும். அன்று வாய்வழியாகவே பரவிய வைத்தியம் இது.

ஃபயர்வால் எது, எது இல்லை என்பதை இந்த வரிசை நன்றாகக் காட்டுகிறது. 135-க்குப் பின்னால் உள்ள பிழையை அது சரி செய்யவில்லை. வந்துவிட்ட வார்மை அது வெளியேற்றாது. எக்ஸ்பியின் முதல் ஃபயர்வால் உள்ளே வருவதை மட்டுமே பார்த்தது, வெளியே போவதைப் பார்க்கவில்லை. ஆகவே தொற்றிய பிறகு டிக் போட்ட கணினி, மற்றவர்களைத் தட்டிக்கொண்டேதான் இருந்திருக்கும். ஆகஸ்ட் 16 முதல் விண்டோஸ் அப்டேட் முகவரியை நெரிசலால் முடக்குவதற்காக வார்மில் எழுதி வைத்திருந்த தாக்குதலையும் அது நிறுத்தியிருக்காது. அந்த முகவரி வெறும் திருப்பிவிடும் முகவரி என்பதால் மைக்ரோசாஃப்ட் அதையே கைவிட்டு, தாக்குதலை வீணாக்கியது. ஃபயர்வால் தந்தது நேரம். பேட்ச் போடும்வரை உயிரோடிருக்கும் நேரம். 2004-ல் சான்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் இன்டர்நெட் ஸ்டார்ம் சென்டர், பேட்ச் இல்லாத விண்டோஸ் கணினி இணைந்து தாக்கப்படும்வரை சராசரியாக ஏறக்குறைய 20 நிமிடம்தான் என்று கணித்திருந்ததை நினைத்தால், அந்த நேரத்தின் மதிப்பு தெரியும்.

2004 ஏப்ரல் 30 அன்று சாஸர் என்ற இன்னொரு வார்ம் வந்தது. இந்த முறை 445ஆம் போர்ட், வேறொரு சேவை, பேட்ச் வந்து 17 நாள்தான் ஆகியிருந்தது. எழுதியவர் ஜெர்மனியில் பள்ளி மாணவர். மீண்டும் அதே டிக் தடுத்திருக்கும், மீண்டும் அது விழாமலே இருந்தது.

சர்வீஸ் பேக் 2

2004 ஆகஸ்ட் 6 அன்று எக்ஸ்பிக்கான சர்வீஸ் பேக் 2 தயாரானது. பெயருக்கு ஒரு திருத்தத் தொகுப்பு, உண்மையில் பாதி புதிய விண்டோஸ். விண்டோஸ் ஃபயர்வால் என்று பெயர் மாறி, எல்லா இணைப்புகளிலும் முன்னமைப்பாகவே இயங்கியது. பலர் இதை "ஆன் செய்துவிட்டார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆன் செய்ய முடிந்ததற்குப் பின்னால் இருந்த வேலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். முதலாவது ஃபயர்வாலை அப்படியே ஆன் செய்திருந்தால், ஒரு வாரத்தில் பாதிப் பேர் எரிச்சலில் அணைத்திருப்பார்கள்.

முதலில், விதிவிலக்குப் பட்டியல் வந்தது. போர்ட் எண் தெரியாதவரும் நிரலின் பெயரைத் தேர்ந்தெடுத்து அனுமதிக்கலாம். அந்த நிரல் ஓடும்போது மட்டும் அதற்குத் தேவையான போர்ட் திறக்கும், மூடினால் மூடும். இரண்டாவது, எல்லை. ஒரு விதிவிலக்கை உலகத்துக்கே தரலாம், அல்லது என் நெட்வொர்க்கில் உள்ளவர்களுக்கு மட்டும் தரலாம், அல்லது குறிப்பிட்ட சில முகவரிகளுக்கு மட்டும் தரலாம். பகிர்வுக்காக ஃபயர்வாலையே அணைக்க வேண்டிய கட்டாயம் இதனால்தான் போனது. மூன்றாவது, விதிவிலக்குகள் எதையும் அனுமதிக்காதே என்ற ஒரு கட்டம். விமான நிலையத்திலோ லாட்ஜிலோ இதை டிக் செய்தால், வீட்டுக்காகப் போட்டு வைத்த அனுமதிகள் எல்லாம் தற்காலிகமாக முடங்கும், திரும்பி வந்து எடுத்துவிட்டால் பழையபடி இருக்கும்.

நான்காவது கண்ணுக்குத் தெரியாத மாற்றம். பழைய ஃபயர்வால் ஒரு சேவையாக ஓடியது. கணினி எழும்போது நெட்வொர்க் முதலில் உயிர்பெறும், ஃபயர்வால் கொஞ்சம் தாமதித்துத்தான் எழும். இடைப்பட்ட நொடிகளில் டிக் இருந்தும் பயனில்லை. புதியதில், முழு ஃபயர்வால் எழும்வரை முகவரி பெறுவது, பெயர் தேடுவது போன்ற அடிப்படை வேலைகளை மட்டும் அனுமதிக்கும் ஒரு தொடக்க விதி போடப்பட்டது. பிளாஸ்டர் காலத்தில் அணைந்து அணைந்து எழுந்த கணினிகளை நினைத்துப் பார்த்தால், அந்தச் சில நொடிகள் சாதாரணமல்ல.

இத்தனைக்கும் பிறகு குறைகள் இருந்தன. ஒரு நிரல் போர்ட்டைத் திறந்து கேட்கத் தொடங்கினால் திரையில் கேள்வி வரும்: தடுத்தே வைக்கவா, தடையை நீக்கவா, பிறகு கேட்கவா. கேட்கப்படுகிறவருக்குத் தெரிவது நிரலின் பெயர் மட்டும். விளையாட்டு ஓட வேண்டும், தடையை நீக்கு என்பதை அழுத்துவார். வீட்டு எக்ஸ்பியில் பெரும்பாலும் எல்லாரும் நிர்வாகி உரிமையோடுதான் இருந்தார்கள். அந்த உரிமையோடு ஓடும் எந்த நிரலும் யாரையும் கேட்காமல் தன் பெயரை விதிவிலக்குப் பட்டியலில் எழுதிக்கொள்ள முடியும். கெட்ட நிரல்கள் பலவும் அப்படியே செய்தன. வெளியே போவதை இதுவும் கவனிக்கவில்லை, அது அடுத்த விண்டோஸான விஸ்டாவில்தான் வந்தது.

எல்லை என்ற நல்ல யோசனைக்கும் ஒரு சோதனை வந்தது. டயல்-அப் இணைப்புகளில் சில, எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் ரூட்டிங் பட்டியலை எழுதும் விதத்தால், முழு இன்டர்நெட்டையும் "என் நெட்வொர்க்" என்று கணினிக்குக் காட்டின. ஃபைல் பகிர்வை என் நெட்வொர்க்குக்கு மட்டும் என்று அனுமதித்தவர், தன்னை அறியாமல் உலகத்துக்கே அனுமதித்தவர் ஆனார். 2004 டிசம்பரில் இதற்குத் திருத்தம் வெளியானது. அமைப்பவர் சரியாக அமைத்தும், சொல்லும் பொருளும் கணினிக்குள் வேறாக இருந்தால் இப்படி ஆகும்.

பட்டியலில் போட்ட டிக்

2008 அக்டோபர் 23 அன்று, வழக்கமான மாதாந்திர நாளுக்குக் காத்திராமல், மைக்ரோசாஃப்ட் எம்எஸ்08-067 என்ற பேட்ச்சை வெளியிட்டது. 445ஆம் போர்ட் வழியாக எட்டக்கூடிய சர்வர் சேவையில் பிழை. நவம்பரில் கான்ஃபிக்கர் வார்ம் வந்தது. எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-ல் ஃபயர்வால் முன்னமைப்பிலேயே இருக்கும்போது இந்தத் தாக்குதல் வெளியிலிருந்து உள்ளே வராது. பிறகு எப்படி லட்சக்கணக்கில் பரவியது?

பேட்ச் போடாத நெட்வொர்க்குகளில் அதற்குப் பாதை தந்ததில் ஃபைல் மற்றும் பிரிண்டர் பகிர்வு என்ற விதிவிலக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் டிக் போட்டால் டிசிபி வகையில் 139, 445, யுடிபி வகையில் 137, 138 ஆகிய போர்ட்கள் திறக்கும். பகிர்வுக்குத் திறந்த அதே 445 தாக்குதலுக்கும் திறந்திருக்கும். ஃபயர்வால் ஓடுகிறது, நிலைமை பச்சை என்று விண்டோஸ் காட்டும், உண்மையும்கூட. எல்லை "என் நெட்வொர்க்" என்று இருந்தாலும், அந்த நெட்வொர்க்குக்குள்ளேயே ஒரு கணினி கெட்டுவிட்டால் எல்லையால் பயனில்லை. அந்த ஒரு கணினியைக் கெடுக்க பென்டிரைவ் போதும், எளிய பாஸ்வேர்டு போதும். கான்ஃபிக்கர் இரண்டு வழிகளையும் பயன்படுத்தியது. பிரவுசிங் சென்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் செருகிய பென்டிரைவைப் பயந்து பயந்து வீட்டில் செருகிய காலம் நம் ஊரில் பலருக்கும் நினைவிருக்கும். ரௌட்டரில் யுபிஎன்பி இருந்தால், அதனிடமே சொல்லி வெளியிலிருந்து உள்ளே ஒரு வழியைத் திறந்துகொள்ளவும் அந்த வார்முக்குத் தெரிந்திருந்தது.

2017 மே 12 அன்று பரவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரைக்கும் வழி 445தான். பேட்ச் இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. பெயர்கள் மாறினாலும், யாரோ ஒரு காலத்தில் ஒரு தேவைக்காகத் திறந்த போர்ட்தான் ஒவ்வொரு முறையும் வழியாகிறது.

இன்றைய கணினியில்

இப்போது விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு ஃபயர்வால் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். செட்டிங்ஸில் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ஃபயர்வால் பகுதியைத் திறந்தால் டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று சுயவிவரங்கள் தெரியும். மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். டொமைன் அலுவலக நெட்வொர்க்குக்கானது, வீட்டுக் கணினியில் பயன்படாது, ஆனாலும் அணைக்கக் காரணமில்லை.

உண்மையான முடிவு வேறிடத்தில் நடக்கிறது. வைஃபையின் ப்ராபர்டீஸில் அந்த நெட்வொர்க் பப்ளிக்கா பிரைவேட்டா என்று ஒரு தேர்வு இருக்கும். எக்ஸ்பியில் இல்லாமல் போன பிரிவினை இதுதான். பெயரைப் பார்த்து, "வீட்டு வைஃபை, ஆகவே பிரைவேட்" என்று பலர் மாற்றிவிடுகிறார்கள். வீட்டில் கணினிகளுக்கிடையே ஃபைல் பகிர்வு இல்லை என்றால் பப்ளிக்கிலேயே விட்டுவிடுங்கள். பிரவுசிங், வீடியோ, ஆன்லைன் வகுப்பு, வங்கி வேலை எதற்கும் ஒரு குறையும் வராது. வைஃபை பிரிண்டரை முதல் முறை தேடிக் கண்டுபிடிக்கும்போது சிக்கல் வரலாம், அப்போது பிரைவேட்டுக்கு மாற்றிச் சேர்த்துக்கொண்டால் போதும். விடுதி, லாட்ஜ், ஒரே பாஸ்வேர்டை நான்கு வீடுகள் பகிரும் காம்பவுண்ட் போன்ற இடங்களில் பிரைவேட் என்பதைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, அனுமதிக்கப்பட்ட நிரல்களின் பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் பிரைவேட், பப்ளிக் என்று இரண்டு கட்டங்கள். நான் பிறருடைய கணினியைப் பார்க்க நேர்ந்தால் முதலில் பார்ப்பது பப்ளிக் கட்டத்தைத்தான். ஃபைல் மற்றும் பிரிண்டர் பகிர்வுக்கு எதிரே பப்ளிக்கில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்புக்கும் அப்படியே. எப்போதோ விளையாடிய விளையாட்டு, டொரன்ட் மென்பொருள் போன்றவற்றின் பெயர்கள் இருந்தால் முழுவதுமாக நீக்கலாம், மறுபடி தேவைப்பட்டால் அவையே கேட்கும். வெளியூரில் இருக்கும்போது, அனுமதித்த நிரல்கள் உட்பட உள்ளே வரும் எல்லா இணைப்புகளையும் தடு என்ற கட்டம் பப்ளிக் சுயவிவரத்துக்குள் இருக்கிறது. சர்வீஸ் பேக் 2-ல் பிறந்த அதே கட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது.

ரௌட்டர் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். முகவரிப் பகிர்வால் கிடைத்த தற்செயலான பாதுகாப்பு, புதிய ஐபி முகவரி முறையான ஐபிவி6-ல் கிடையாது. அதில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உலகம் அறிந்த சொந்த முகவரி கிடைக்கிறது. நல்ல ரௌட்டர்கள் உள்ளே வருவதை அதிலும் தடுக்கும், ஆனால் தடுக்கிறதா என்பது அந்தப் பெட்டியின் அமைப்பைப் பொறுத்தது. இந்தியாவில் மொபைல் நெட்வொர்க்குகளில் ஐபிவி6 பரவலாகிவிட்ட நிலையில், ரௌட்டரை மட்டும் நம்பிக் கணினியின் ஃபயர்வாலை அணைப்பது சரியில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இயங்குதளம் வைத்திருப்பவர்கள் வேறொரு கொள்கையைக் காணலாம். அதிலும் ஃபயர்வால் கருவி உண்டு, முன்னமைப்பில் அணைந்திருக்கிறது. ஆனால் புதிதாக நிறுவிய டெஸ்க்டாப்பில் வெளியிலிருந்து வரும் இணைப்புக்காகக் காத்திருக்கும் சேவைகளை ஏறக்குறைய வைப்பதே இல்லை. கேட்கிறவர் இல்லாத போர்ட்டைக் காக்கத் தேவை குறைவு என்ற வாதம் நியாயமானது. எக்ஸ்பியின் கோளாறு இரண்டும் சேர்ந்தது, எல்லாவற்றையும் கேட்கவும் வைத்தது, காவலையும் அணைத்தது. உபுண்டுவில் நீங்களாக, தூரத்திலிருந்து கணினியை இயக்க எஸ்எஸ்ஹெச்சோ, ஃபைல் பகிர சாம்பாவோ நிறுவினால் அன்றே ஃபயர்வாலையும் ஆன் செய்துவிடுங்கள்.

மக்கள் கடைசியில் ஃபயர்வாலையே அணைப்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால். "அனுமதி கொடுத்துவிட்டேன், ஆனாலும் வேலை செய்யவில்லை." இதற்கு விடை பெரும்பாலும் பழைய தடை விதி ஒன்றில் இருக்கும். விண்டோஸ் ஃபயர்வாலில் ஒரே நிரலுக்கு அனுமதி விதியும் தடை விதியும் இருந்தால் தடைதான் வெல்லும். முதல் முறை கேள்வி வந்தபோது, யோசிக்காமல் கேன்சல் அழுத்தியிருந்தால், அது அந்த நிரலுக்குத் தடை விதிகளை எழுதி வைத்துவிடும். பிறகு எத்தனை அனுமதி விதி சேர்த்தாலும் பயனில்லை. அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறந்து, இன்பவுண்ட் ரூல்ஸ் பட்டியலில் அந்த நிரலின் பெயரைத் தேடி, சிவப்புக் குறி உள்ள வரிகளை நீக்கினால் சரியாகிவிடும்.

பட்டியல் மிகவும் குழம்பிப் போயிருந்தால், அதே சாளரத்தில் தற்போதைய அமைப்பை ஒரு ஃபைலாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு, ஃபயர்வாலை முன்னமைப்புக்குத் திருப்பும் இணைப்பை அழுத்துங்கள். தேவையான நிரல்கள் ஒவ்வொன்றாக மீண்டும் கேட்கும், இந்த முறை பார்த்து பதில் சொல்லலாம். சர்வீசஸ் பட்டியலுக்குப் போய் ஃபயர்வால் சேவையை நிறுத்துவது மட்டும் வேண்டாம். மைக்ரோசாஃப்டே அதை ஆதரிப்பதில்லை, ஸ்டார்ட் மெனு வேலை செய்யாமல் போவது, ஸ்டோர் செயலிகளை நிறுவ முடியாமல் போவது போன்ற தொந்தரவுகள் வரும் என்று எச்சரிக்கிறது. ஏதாவது ஒரு சோதனைக்காக அணைத்தே ஆக வேண்டுமென்றால் அந்தச் சுயவிவரத்தின் சுவிட்சை மட்டும் அணைத்துப் பார்த்துவிட்டு, அதே சாளரத்தை மூடுவதற்கு முன் திரும்பப் போட்டுவிடுங்கள்.